கேடயத்தில் நின்ற சீஃபஸ் டார்செட்

ஒரு சாதாரண மனிதனை அரசாங்கம் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை பார்த்தால் அதிகம். பிறக்கும்போது ஒருமுறை, அபராதம் கட்டும்போது ஒருமுறை, புதைக்க இடம் கேட்கும்போது ஒருமுறை. அத்தோடு உறவு முடிந்தது. லண்டன் ஆளும் எங்கள் செயின்ட் ஆசாப் தீவில் உப்பு வாரிப் பிழைத்த சீஃபஸ் டார்செட்டின் தலையெழுத்து வேறு மாதிரி. நீதிபதியின் தலைக்கு மேல், போலீஸ்காரரின் தொப்பியில், தபால்தலையில், பள்ளிக்கூட நோட்டு அட்டையில், சிறைச்சாலைக் கதவில் என்று எங்கே திரும்பினாலும் அவர் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தீவுக்கும் கேடய வடிவில் ஒரு மரபுச் சின்னம் இருந்தால் என்ன என்று லண்டனுக்குத் தோன்றிய காலத்தில் இங்கே கமிஷனராக இருந்தவர் ஆல்ட்ரிட்ஜ் துரை. மாலை வேளைகளில் வராந்தாவில் உட்கார்ந்து வண்ணம் குழைத்துப் படம் போடுவார். எதிரே உப்பளம். உப்பளத்தில் அன்றைக்கு நின்றவர் சீஃபஸ். நீண்ட கைப்பிடி வைத்த வாருபலகையை ஊன்றிக்கொண்டு, 'இந்த ஆள் ஏன் என்னையே பார்க்கிறார்' என்று துரையையே பார்த்தபடி நின்றிருக்கிறார். அந்தப் பார்வையோடு படம் கப்பலேறியது.

லண்டனில் அதை முறைப்படி வரைந்தவர் உப்பளத்தைக் கண்டதில்லை. ஆனால் உழைப்பாளி என்றால் எப்படி இருப்பான் என்பது அவருக்குத் தெரியும். எனவே சீஃபஸின் காலில் முழங்கால் வரை கறுப்பு பூட்ஸ் மாட்டிவிட்டார். கேடயத்தின் நடுவே சீஃபஸ், அவருக்குப் பின்னால் இரண்டு உப்பு அம்பாரங்கள், இருபுறமும் தாங்கிப் பிடிக்க இரண்டு பூநாரைகள், உச்சியில் ஒரு கூழைக்கடா, அடியில் லத்தீனில் ஒரு வரி. அந்த வரிக்கு 'உப்பால் உயர்வோம்' என்று பாதிரியார் பொருள் சொன்னார். 'உப்பிலேயே நிற்போம்' என்றார் பள்ளிக்கூட வாத்தியார். எப்படியும் உப்பு இருக்கிறது என்பதில் இருவரும் ஒத்துப்போனதால் நாங்கள் அதை மேற்கொண்டு கிளறவில்லை.

பூட்ஸ்தான் சிக்கல். உப்புத் தண்ணீர் தோலை ஒரே வாரத்தில் தின்றுவிடும். எங்கள் உப்பளத்தில் ஆதி நாளிலிருந்து பூட்ஸ் போட்டு இறங்கியவர் யாரும் இல்லை. கமிஷனர் சீஃபஸை வரவழைத்தார்.

"படத்துல பூட்ஸ் இருக்கு, டார்செட்."

"என் கால்ல இல்லீங்களே, சார்."

"அதான் பிரச்சினை."

"படத்துல அழிச்சிட்டா தீந்துச்சு, சார்."

"ராணி கையெழுத்துப் போட்ட படம் அது. அதுல கை வைக்க முடியாது."

"அப்ப என் கால்ல கை வைக்கப் போறீங்க."

அப்படித்தான் ஆயிற்று. சின்னத்தில் தவறு இருந்தால் மனிதனைத் திருத்துவது எங்கள் நிர்வாகத்தின் தொன்றுதொட்ட மரபு. அரசாங்கச் செலவில் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் வந்தது. ஆண்டுதோறும் ராணியின் பிறந்தநாளன்று சீஃபஸ் அதை மாட்டிக்கொண்டு, வாருபலகையோடு கொடிக்கம்பத்தின் அருகே நிற்க வேண்டும். வந்த விருந்தினர்கள் கேடயத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையசைப்பார்கள். சின்னம் வந்த அதே ஆண்டில் கடைசி உப்புக் கப்பல் போய்விட்டது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. உப்பு வாருவது இனி தொழிலாக இல்லாததால், அது கௌரவமாக இருப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

சீஃபஸ் சுங்க அலுவலகத்தின் காவலாளியானார். சுங்கம் கட்டத்தக்க பொருள் எதுவும் தீவுக்கு வராததால் ஓய்வு நிறைய. ஒருமுறை அவருடைய கழுதை அடுத்த வீட்டு வேலியை உடைத்துவிட, வழக்கு எங்கள் ஊர்க்காரரான மாஜிஸ்ட்ரேட் ஹேண்ட்ஃபீல்ட் முன் வந்தது.

"நேரா என்னைப் பாத்துப் பேசு, டார்செட். மேல என்ன பார்வை?"

"அந்தாளு என்ன சொல்றான்னு பாக்குறேன், யுவர் ஆனர்."

"எந்த ஆளு?"

"உங்க தலைக்கு மேல நிக்கிறவன். எனக்கு முன்னாடியே வந்து உங்க பக்கம் சேந்துட்டான்."

மாஜிஸ்ட்ரேட் திரும்பி, கேடயத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கூண்டைப் பார்த்தார். குற்றம் சாட்டப்பட்டவரே தீர்ப்புக்கும் முத்திரையாக இருக்கலாமா என்பது குறித்துச் சட்டம் மௌனம் சாதிப்பதாகக் கூறி, கழுதையை மட்டும் கண்டித்து அனுப்பினார்.

சீஃபஸின் மனைவி ஜெரூஷா தபாலாபீஸ் வாசலில் சோளமாவு ரொட்டியும் சங்குக்கறியும் விற்பவள். மகளுக்குக் கடிதம் போடும்போது தபால்தலையை நாக்கால் ஈரப்படுத்த மாட்டாள். ஸ்பாஞ்சு கேட்பாள்.

"இத்தன வருஷம் குடித்தனம் பண்ணியும் அந்த மனுஷன் முதுக நான் நக்குனதில்ல. தபாலுக்காக நக்கணுமாக்கும்?"

இவையெல்லாம் சிரிக்கத்தக்க பகுதி. மற்றதையும் சொல்ல வேண்டும்.

சில நாட்களில் சீஃபஸ் வேலையிலிருந்து வந்ததும் படுத்துவிடுவார். என்னவென்று கேட்டால், "இன்னைக்கு ரொம்பப் பேரு பாத்துட்டாங்க" என்பார். அவர் பகல் முழுவதும் காலியான சுங்கக் கொட்டகையில் தனியே உட்கார்ந்திருந்தவர். ஆனால் அன்றுதான் பள்ளிக்கூடத்தில் புது நோட்டு கொடுத்திருப்பார்கள். தலைமைச் செயலகத்தில் பெரிய குமாஸ்தாவாக இருந்த பெர்சிவல் ஈவிங், ஜெரூஷாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இந்தக் கதையில் நம்பிக்கை இல்லாதவர். ஒருநாள் வேண்டுமென்றே ஒரு வெற்றுக் காகிதத்தை எடுத்து அரசு முத்திரையை ஓங்கி அழுத்தினார். தெருவின் மறுகோடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சீஃபஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எதுக்குய்யா?" என்று கரண்டியைக் கீழே வைத்தார். சாயங்காலம் அக்காவிடமிருந்து இதைக் கேட்ட பெர்சிவல், அதற்குப் பிறகு முத்திரையை மெதுவாக அழுத்தப் பழகினார்.

எங்கள் தீவில் ஒருவர் இறந்தால், அவருடைய படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்போம். ஒன்பதாம் இரவு பாட்டுப் பாடி, வாசலில் ரம் ஊற்றி, ஆளை வழியனுப்பும்வரை அது திரும்பியே இருக்கும். செத்தவர் தன் முகத்தைப் பார்த்துவிட்டால் அதிலேயே ஒட்டிக்கொள்வார், பிறகு கிளம்ப மாட்டார். படகுத்துறை அருகே ஒரு தையல்காரர் இறந்தபோது அலமாரிக்குள் இருந்த படத்தை மறந்துவிட்டார்கள். அந்த வீட்டுக்கு வாடகைக்குப் போனவர்கள், போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவருடைய துணியிலும் புதுத் தையல் போட்டிருந்தது.

இதனால்தான் வயதான காலத்தில் சீஃபஸுக்குத் தூக்கம் போயிற்று.

"எனக்கு எத்தன மொகம் இருக்குன்னு நெனச்சுப் பாத்தியா, ஜெரூஷா?"

"ஒண்ணே உங்களுக்கு அதிகம். படுங்க."

"சிரிக்காத. ஒண்ணு விட்டுப்போனாலும் நான் போக முடியாது. சாயங்காலம் வரைக்கும், மறுநா வரைக்கும், எப்பவும் அங்கயே நிக்கணும். அந்த பூட்ஸோட."

"திருப்பிடறேன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையுந்தான், டார்செட். முதல்ல இந்தப் பக்கம் திரும்பிப் படுங்க."

அவர் வழக்கம்போல் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

வெளியூர்க்காரர்கள் இருட்டுக்குப் பயப்படுகிறார்கள். உப்புத் தீவில் பயப்பட வேண்டிய நேரம் நடுப்பகல். வெயில் நேர் மேலே நிற்கும், வெள்ளைப் பாத்திகள் கண்ணை எரிக்கும், காற்று நின்றுவிடும், எந்தப் பொருளுக்கும் நிழல் இருக்காது. ராணியின் பிறந்தநாள் ஒன்றில் அப்படியொரு வேளையில், கைவிடப்பட்ட உப்பளத்தின் கடைசி அம்பாரத்தில் சாய்ந்தபடி சீஃபஸ் இறந்திருந்தார். வெறுங்கால். பூட்ஸைக் கழற்றி அருகே ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்திருந்தார். அது அரசாங்கச் சொத்து என்பதால் பெர்சிவல் வந்து துடைத்து எடுத்துப்போய் செயலகக் கிடங்கில் வைத்துப் பூட்டினார். சீஃபஸை வெறுங்காலோடு புதைத்தோம்.

கல்லறையிலிருந்து ஜெரூஷா நேரே தபாலாபீசுக்குப் போனாள். அவளைக் கண்டதும் போஸ்ட்மாஸ்டரே எழுந்து சுவரிலிருந்த கேடயத்தைத் திருப்பி, தபால்தலைகளைக் கவிழ்த்துப் பெட்டிக்குள் வைத்து, ஒன்பதாம் நாள் முடியும்வரை கடிதப் போக்குவரத்து இல்லை என்றார். போலீஸ்காரர்கள் தொப்பியைப் பின்முன்னாகப் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் நோட்டு அட்டையை உள்ளே மடித்தார்கள். சிறைக் கதவின் பலகையைக் கைதிகளே வெளியே வந்து திருப்பி மாட்டிவிட்டு ஒழுங்காக உள்ளே போனார்கள். மாஜிஸ்ட்ரேட், சுவர் பார்த்த கேடயத்தின் கீழ் நீதி வழங்க இயலாது என்று நீதிமன்றத்தை ஒத்திவைத்தார். ஒரே சாயங்காலத்தில், ஒரு உத்தரவும் இல்லாமல், எங்கள் அரசாங்கம் முழுவதும் சுவரைப் பார்த்து நின்றது. நிர்வாகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. கவர்னர் மாளிகையின் தலைவாசலுக்கு மேலே, சிமெண்டில் பதித்து வண்ணம் பூசிய ஆளுயரக் கேடயம். கமிஷனர் பதவி இதற்குள் கவர்னர் பதவியாக உயர்ந்திருந்தது; கவர்னர் பாஸ்கோம் லண்டனிலிருந்து புதிதாக வந்தவர். இன்னும் மூக்குத் தோல் உரிந்துகொண்டிருந்தது. ஜெரூஷாவைப் பெர்சிவல்தான் அழைத்துப் போனார்.

"உங்க துக்கம் எனக்குப் புரியுதுங்க, மிசஸ் டார்செட். ஆனா அரசுச் சின்னத்தத் திருப்புறது கலகத்துக்குச் சமம்."

"கலகம் பண்ண வரலங்க. புருஷன அனுப்ப வந்திருக்கேன்."

"இது உங்க புருஷனோட படம் இல்ல. இது இந்தத் தீவோட சின்னம்."

"அப்ப தீவு எதுக்குங்க அவரு மூக்க வெச்சிருக்கு?"

கவர்னர் பெர்சிவலைப் பார்த்தார். பெர்சிவல் தரையைப் பார்த்தார்.

"ஒரு துணி போட்டு மறைக்கச் சொல்றேன். சுத்தம் பண்றோம்னு சொல்லிக்கலாம்."

"துணிக்குள்ள இருந்தா பாக்க மாட்டாரா? கொசுவலைக்குள்ள இருந்துகிட்டே தெருவுல போற அத்தன பேரையும் பாத்தவரு அவரு."

"மன்னிக்கணும். அது சுவரோட கட்டினது. எடுத்தா வாசலே விழுந்துடும்."

வெளியே வந்ததும் பெர்சிவல் மெல்லச் சொன்னார்: "அக்கா, அவரு சொல்றது நெசந்தான். அத ஒடைக்கத்தான் முடியும், திருப்ப முடியாது."

"ஒடைச்சா அவரு மொகமும் ஒடையும்டா" என்றாள் ஜெரூஷா.

மறுநாள் நடுப்பகலில் உப்பளத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. காய்ந்த பாத்தியை யாரோ பலகையால் வாருகிற சத்தம். கர்ர்ர், ஒரு நிறுத்தம், மறுபடி கர்ர்ர். உப்பே இல்லாத பாத்திகள். எட்டிப் பார்த்தால் வெள்ளை வெளிச்சம்தான். கவர்னர், தகரக் கூரை வெயிலில் விரிகிறது என்றார். அங்கே தகரக் கூரை எதுவும் இல்லை என்று சொல்வது மரியாதையாக இருக்காது என்பதால் யாரும் சொல்லவில்லை.

அன்றே மாளிகை வாசற்படியில் உப்பு பூத்தது. பணிப்பெண் பெருக்கித் தள்ளினாள். மறுநாள் அதே வேளையில் மறுபடி பூத்தது, கொஞ்சம் தடிப்பாக. பிறகு அதன்மேல் ஈரக் காலடிகள். வெறுங்கால் தடங்கள் உப்பளத்துப் பக்கமிருந்து வந்து கேடயத்துக்கு நேர் கீழே நின்றன. திரும்பிப் போன தடம் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு வரிசை வந்தது. வந்தவை அத்தனையும் அங்கேயே சேர்ந்து நின்றன, தபாலாபீஸ் வரிசை போல. கவர்னரின் தேநீர் கரித்தது. மழைத்தண்ணீர்த் தொட்டி முழுவதும் கரித்தது. தெருக் கழுதைகள் வேலியோரம் வந்து, தலையைத் தூக்கிக் கேடயத்தைப் பார்த்தபடி மேயாமல் நின்றன. சீஃபஸின் கழுதை முன்வரிசையில்.

கவர்னர் காற்றின் ஈரப்பதம் பற்றி லண்டனுக்கு எழுதினார். எழுதிய கையோடு வெளியே வந்தவர், வாசற்படியில் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸைப் பார்த்தார். அது விளிம்பு வரை உப்புத் தண்ணீர் நிரம்பி, வெயிலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இத யாரு இங்க வெச்சது?"

பெர்சிவல் இடுப்பிலிருந்து கிடங்குச் சாவியை எடுத்துக் காட்டினார். "பூட்டு பூட்டினபடி இருக்கு, சார்."

"அப்புறம் இது எப்படி வந்துச்சு?"

"நடந்துதான் வந்திருக்கணும், சார். வேற எதுக்கு பூட்ஸ்?"

கவர்னர் அன்று மதிய உணவைப் பின்கட்டில் சாப்பிட்டார். அதன்பின் அவர் தலைவாசலைப் பயன்படுத்தவே இல்லை. சமையற்கட்டு வழியாகப் போய்வந்தார். நிர்வாகக் காரணங்களுக்காக என்று சொல்லப்பட்டது.

ஒன்பதாம் நாள் வந்தது. அன்று பொழுது சாய்ந்ததும் வழியனுப்பு. அதற்குள் அந்த ஒரு முகம் திரும்பாவிட்டால் சீஃபஸ் அங்கேயே நிற்க வேண்டியதுதான்; அவர் மனைவி தினமும் அந்த வாசலைக் கடந்து ரொட்டி விற்கப் போக வேண்டியதுதான். நடுப்பகலில் ஜெரூஷா துக்கக் கறுப்பு உடுத்தி, தொப்பி வைத்து, மாளிகைக்கு வந்தாள். நாங்கள் வேலியோரம் கழுதைகளோடு கழுதைகளாக நின்றோம். கவர்னர் மாடி ஜன்னலில் நின்றார். உப்பளத்தில் வாருகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

காலடித் தடங்கள் கூடி நின்ற இடத்தின் ஓரத்தில் நின்று அவள் கேடயத்தை அண்ணாந்து பார்த்தாள். ஜெபம் செய்யப்போகிறாள் என்று நினைத்துச் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

"டார்செட். நான் கேட்டுப் பாத்துட்டேன். இவங்க திருப்ப மாட்டாங்களாம். வாசல் விழுந்துடுமாம்."

சத்தம் நின்றது.

"அதனால நீங்களே திரும்பிக்கோங்க. கல்யாணம் ஆன நாள்லேந்து படுக்கையில எனக்கு முதுகக் காட்டித்தான் தூங்குனீங்க. ஒரு தடவ கூட யாரும் சொல்லிக் குடுக்கல. இப்ப மட்டும் என்ன கூச்சம்? அந்த பூட்ஸையும் கழட்டிப் போடுங்க. காலு வெந்துரும்."

சொல்லிவிட்டுக் காத்திருக்கவில்லை. திரும்பி, எங்களைக் கடந்து, அடுப்பில் பட்டாணி கிடக்கிறது என்று போய்விட்டாள். வேலியில் நின்ற நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கத் துணியவில்லை. முதலில் கழுதைகள் கலைந்தன. சீஃபஸின் கழுதை கடைசியாக ஒருமுறை கத்திவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகே பெர்சிவல் தலையைத் தூக்கினார். "ஆண்டவரே" என்று உட்கார்ந்துவிட்டார்.

கேடயத்தில் இரண்டு அம்பாரங்கள் இருந்தன. பூநாரைகள் இருந்தன. நடுவில் வாருபலகையைத் தோளில் சாய்த்தபடி ஒரு மனிதனின் முதுகு. சட்டையில் வியர்வைத் திட்டு. உப்பு தின்று வெடித்த இரண்டு வெறும் குதிகால்கள். பூட்ஸ் தனியாக முன்னால், ஜோடி சேர்த்து, ஒழுங்காக நின்றது. வாசற்படியில் நின்ற நிஜ பூட்ஸைக் காணோம்.

அன்று மாலை ஜெரூஷாவின் வாசலில் ரம் ஊற்றினோம், பாடினோம். யாரும் திரும்பி வரவில்லை. அடுத்த நாள் வாசற்படியில் உப்பு இல்லை.

அரசாங்கம் இதை அரசாங்கத்துக்குரிய முறையில் எதிர்கொண்டது. பக்கத்துத் தீவிலிருந்து ஓவியர் வரவழைக்கப்பட்டு, முகம் முன்பக்கம் வரும்படி தீட்டினார். வண்ணம் காய்ந்தபோது முதுகுதான் இருந்தது. மறுபடி தீட்டினார். மறுபடி முதுகு. அவர் பாதிச் சம்பளத்தோடு படகேறினார். தபாலாபீசிலும் நீதிமன்றத்திலும் கேடயங்களைத் திருப்பி மாட்டினோம். எல்லாவற்றிலும் முதுகு. கடைசியில், சின்னம் ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று அறிவிக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கும் புத்தகத்தில், 'நடுவிலுள்ள உழைப்பாளி எதிர்காலத்தை நோக்கி நிற்கிறார். முன்னால் உள்ள காலணிகள் அரசின் உறுதியைக் குறிக்கின்றன' என்று அச்சிட்டார்கள். வாசகம் பெர்சிவலுடையது. அதற்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

ஆனால் ஒன்று. புதிதாகத் தபால்தலை அச்சாகி வரும்போதெல்லாம் அந்த முதுகு முன்பைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கிறது. அச்சகத்தின் குறை என்கிறார்கள். சென்ற ஆண்டு வந்ததில் அவர் இரண்டு அம்பாரங்களுக்கும் நடுவே நுழைந்திருந்தார். இந்த ஆண்டு வந்ததை போஸ்ட்மாஸ்டர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, கண்ணாடியோடு ஜெரூஷாவிடம் நீட்டினார். அம்பாரத்துக்கு அப்பால் வாருபலகையின் முனை மட்டும் ஒரு மயிர் அளவு தெரிந்தது.

"தூரமா போயிட்டாரு" என்றாள். கண்ணாடியை இன்னும் கிட்டே பிடித்தாள். "நல்ல நடை. உசிரோட இருந்தப்ப இவ்வளவு வேகம் கெடையாது."

போஸ்ட்மாஸ்டர் ஸ்பாஞ்சைத் தள்ளிவைத்தார்.

"அது எதுக்கு, அவருதான் அதுல இல்லியே" என்று சொல்லி, அவள் தபால்தலையின் பின்புறத்தை நாக்கால் தொட்டு, கடிதத்தில் அழுத்தி ஒட்டினாள். பிறகு முகத்தைச் சுளித்து, உதட்டைப் புறங்கையால் துடைத்தாள்.

"கரிக்குது" என்றாள்.